ஓட்டும் ஓர் அமானிதமே
பொதுத் தேர்தலில் கட்சியைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு பாடம்

 

பார்லிமெண்ட் கலைந்தது என்ற செய்தி வந்துவிட்டால் மறுநாளே நம் கடைவீதிகளில் ஒரே பேச்சுத்தான். துணிக்கடையில் துணியை அளந்துகொண்டே பேசுவார்கள். சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே பேசுவார்கள். நாணய மாற்றுக் கடையில் நோட்டை எண்ணிக்கொண்டே பேசுவார்கள். "நானா, இந்தத் தடவை நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்?" என்பதுதான் எங்கும் கேட்கப்படும் கேள்வி.

இதே கேள்வி சங்கத்துக்கும் வருகிறது. "சங்கம் ஒரு கட்சியின் பெயரைச் சொல்லிவிடட்டும். நாம் எல்லாரும் மொத்தமாக அதற்கே போட்டுவிடுவோம். அப்போதுதான் நம் சமுதாயத்துக்கு மதிப்பு" என்று நல்ல எண்ணத்தோடு சொல்லும் சகோதரர்கள் பலர். அவர்களுடைய ஆர்வத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அவர்கள் கேட்கும் பெயரை இக்கட்டுரையில் நாம் சொல்லப்போவதில்லை. அந்தப் பெயரை ஒவ்வொருவரும் தாமே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லப்போகிறோம்.

நம்மில் யாராவது மூட்டையைப் பிரித்துப் பாராமல் மிளகாய் வாங்குவோமா? மாதிரியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஒரு பெட்டிக் கைலிக்கு விலை பேசுவோமா? பத்து வெள்ளிச் சரக்குக்கு இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும் நாம், ஐந்தாண்டு ஆட்சியை மட்டும் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார் என்று வாங்கிவிடுகிறோம். வியாபாரத்தில் நாம் கற்ற எச்சரிக்கையை ஓட்டுச் சாவடிக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம்.

இந்த உரிமை வந்த வழி

நம் கையில் இருக்கும் பொருளின் விலை தெரிந்தால்தான் அதைப் பத்திரமாக வைப்போம். ஆகவே இந்த ஓட்டு நமக்கு எப்படி வந்தது என்பதை முதலில் நினைவுகொள்வோம்.

மலாயாக் கூட்டரசில் முதல் பொதுத் தேர்தல் 1955 ஜூலை 27-இல் நடந்தது. மொத்தம் 52 ஸ்தானங்கள். அவற்றில் 51-ஐ அல்லையன்ஸ் கூட்டணி வென்றது. அன்று பதிவான வாக்காளர் சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர்தாம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்ச் சகோதரர்கள். இந்தியர் மிகச் சிலரே இருந்தனர். குடியுரிமைச் சட்டம் அன்று அவ்வளவு இறுக்கமாக இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜூலா' கப்பலில் வந்து இறங்கிய நம் பெரியவர்கள் பலர் இந்நாட்டில் கடை திறந்தார்கள், வரி கட்டினார்கள், பள்ளிவாசல்களுக்குப் பொருள் கொடுத்தார்கள். இவ்வளவும் செய்தவர்களுக்கு இந்நாட்டை ஆள்பவர் யார் என்று சொல்லும் உரிமை மட்டும் இருக்கவில்லை.

1957-இல் சுதந்திரம் வந்தபோது குடியுரிமைக் கதவு அகலமாகத் திறந்தது. எனினும் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று எண்ணியும், எழுத்து வேலைக்கு அஞ்சியும் மனுச் செய்யாமல் இருந்துவிட்டவர்கள் உண்டு. கடைசிவரை சிவப்புக் கார்டுடனேயே வாழ்ந்தவர்களை நாம் அறிவோம். அரசியல் சட்டத்தின் 119-ஆம் ஷரத்துப்படி ஓட்டு குடிமக்களுக்கே உரியது. நிரந்தரவாசிக்கு அது இல்லை. உங்கள் வீட்டில் சிவப்புக் கார்டுடன் ஒரு பாட்டனாரோ பாட்டியோ இருந்தால், நீலக் கார்டு உள்ள நீங்கள் போடும் ஓட்டில் அவர்களுடைய நலனும் அடங்கியிருக்கிறது. ஓட்டை அமானிதம் என்று நாம் சொல்வதற்கு இதுவே முதல் காரணம். அது நம் கையில் இருப்பது உண்மை; ஆனால் நமக்காக மட்டும் இருப்பதல்ல.

ஓட்டுரிமை நம் காலத்தில் மேலும் விரிந்துள்ளது. வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைக்கும் திருத்தம் 2019-இல் பார்லிமெண்டில் நிறைவேறி, தானாகவே பதிவாகும் முறையுடன் 2021 டிசம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. 2018 தேர்தலில் சுமார் 1 கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022 தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்தைத் தாண்டியது. நேற்றுவரை கல்லாவுக்குப் பின்னால் பாடம் படித்துக்கொண்டிருந்த மகனுக்கும் மகளுக்கும் இன்று தகப்பனாருக்கு உள்ள அதே ஓர் ஓட்டு உண்டு.

எந்தப் பொருளை எந்தக் கடையில் கேட்பது

அரிசிக் கடையில் போய்த் துணி கேட்பவரைப் பார்த்து நாம் சிரிப்போம். தேர்தலில் அதே தவற்றைத்தான் நம்மில் பலர் செய்கிறோம்.

அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணை எது மத்திய அரசாங்கத்தின் வேலை, எது மாநில அரசாங்கத்தின் வேலை என்று பிரித்து வைத்திருக்கிறது. குடியுரிமை, குடிநுழைவு, நிதி, வரி, வர்த்தகம், தொழிலாளர், கல்வி ஆகியவை மத்தியில் அடங்கும். நிலம், இஸ்லாமியச் சமய நிர்வாகம், வக்ஃபு ஆகியவை கூட்டரசுப் பிரதேசங்கள் நீங்கலாக மாநிலத்தைச் சேர்ந்தவை. கடை லைசென்ஸ், நடைபாதை, விளம்பரப் பலகை போன்றவற்றைப் பார்ப்பது நகராட்சி மன்றம். 1965-இல் நகராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டியது. மாநிலங்களில் அம்மன்றத்தின் அங்கத்தினரை நியமிப்பது மாநில அரசாங்கமே.

ஆகவே வக்ஃபு நிலத்தில் உள்ள நம் கடை வரிசையின் வாடகை பற்றிப் பார்லிமெண்ட் அபேட்சகரிடம் கோபித்துக்கொள்வதில் பயனில்லை. வெளிநாட்டிலிருந்து சமையல்காரரைக் கொண்டுவரும் பெர்மிட் பற்றிச் சட்டசபை அபேட்சகரிடம் கேட்பதிலும் பயனில்லை. அவர் "பார்க்கிறேன்" என்பார். பார்க்கும் அதிகாரம் அவரிடம் இருக்காது.

இரண்டு தேர்தலும் ஒரே நாளில்தான் நடக்கும் என்பதும் இல்லை. 2022 நவம்பர் 19-இல் பார்லிமெண்டுத் தேர்தல் நடந்தபோது பேராக், பகாங், பெர்லிஸ் ஆகிய மூன்று மாநிலங்கள் தங்கள் சட்டசபைத் தேர்தலையும் உடன் நடத்தின. பினாங்கு, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகிய ஆறும் 2023 ஆகஸ்டு 12-இல் தனியாக நடத்தின. இப்படித் தனித்தனியாக வரும்போது ஒன்றில் ஒரு கட்சிக்கும் மற்றதில் வேறு கட்சிக்கும் ஓட்டுப் போடுவது துரோகம் அல்ல. துணிக்கு ஒரு கடை, அரிசிக்கு ஒரு கடை என்று போகிறவரை யாரும் துரோகி என்பதில்லை.

பழைய பேரேட்டைப் புரட்டுதல்

கட்சியின் மேடைப் பேச்சு புதுச் சரக்கின் விளம்பரம். அதன் கடந்த கால நடத்தை பழைய பேரேடு. கடன் கேட்டு வருபவரின் சட்டையைப் பார்த்து நாம் கடன் கொடுப்பதில்லை. பழைய பற்று வரவைப் பார்த்தே கொடுக்கிறோம். நமக்கு நன்கு தெரிந்த இரண்டு பக்கங்களைப் புரட்டுவோம்.

முதல் பக்கம் வரி. 2015 ஏப்ரல் 1-இல் பொருள் சேவை வரி 6 சதவீதத்தில் வந்தது. ஆண்டு வியாபாரம் 5 லட்சம் வெள்ளியைத் தாண்டிய கடை பதிவு செய்தாக வேண்டும். சிட்டை எழுதியே பழகிய நம் கணக்குப்பிள்ளைகள் ஒவ்வொரு பில்லுக்கும் கணக்குக் காட்டத் திணறினார்கள். 2018 மே 9 தேர்தலில் ஆட்சி மாறியது. ஜூன் 1-இல் அவ்வரி பூஜ்யமாக்கப்பட்டது. செப்டம்பர் 1-இல் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. சாப்பாட்டுக் கடைகளுக்குப் பதிவு எல்லை 15 லட்சம் வெள்ளி என்றானது. 5 லட்சத்துக்கும் 15 லட்சத்துக்கும் இடைப்பட்ட கடைக்காரருக்கு எழுத்து வேலை ஒழிந்தது. இது வரவு. ஆனால் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் பழைய வழி போயிற்று. கட்டிய வரி சரக்கின் விலையோடு ஒட்டிக்கொண்டே வந்தது. இது பற்று. பின்பு 2024 மார்ச் 1-இல் சேவை வரி 6-லிருந்து 8 சதவீதமாக உயர்ந்தது. உணவும் பானமும் 6-லேயே விடப்பட்டன.

"ஒருவர் கொண்டுவந்தார், இன்னொருவர் எடுத்துவிட்டார்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல இதில் இடமில்லை. ஒரு வரியை எடுப்பேன் என்பவரிடம் "அந்த இடத்தில் எதை வைப்பீர்?" என்று கேட்க வேண்டும். அரசாங்கத்துக்கும் கல்லா உண்டு. ஒரு துவாரத்தை அடைத்தால் அது வேறொரு துவாரத்தின் வழியே பணத்தைத் தேடத்தான் செய்யும்.

இரண்டாவது பக்கம் கூலி. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கியது. 2022 மே 1-இல் 1,500 வெள்ளியாயிற்று. 2025 பிப்ரவரி 1-இல் 1,700 வெள்ளியாயிற்று. ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருப்போருக்கு அந்த ஆண்டு ஆகஸ்டு 1 வரை தவணை தரப்பட்டது. இம்மூன்று உத்தரவுகளும் மூன்று வெவ்வேறு பிரதம மந்திரிகளின் காலத்தில் வந்தவை. எனவே சம்பளத்தை உயர்த்தியது இந்தக் கட்சிதான் என்று ஒன்றை மட்டும் ஏசுவது கணக்கறிந்தவர் செய்யக்கூடியதல்ல.

இங்கே நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாளி என்ற முறையில் இந்த உயர்வு நமக்குப் பாரம்தான். கடை வாடகையும் சரக்கு விலையும் ஏறும்போது கால அவகாசமும் சலுகையும் கேட்பது நியாயமே. ஆனால் நம் மடிக்குப் பாரம் என்ற ஒரே காரணத்தால் ஒரு கட்சியை நிராகரிக்கலாமா? நீதிக்குச் சாட்சி சொல்லும்போது அது நமக்கே எதிராக இருந்தாலும், பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராக இருந்தாலும் உறுதியாக நிற்க வேண்டும் என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் நமக்குத் தரும் கட்டளை. ஓட்டும் ஒருவகைச் சாட்சியே. "இவர் ஆள்வதற்குத் தகுதியானவர்" என்று அங்கே நாம் சாட்சி சொல்கிறோம். நம் கடையில் மேசை துடைக்கும் தம்பி 1,700 வெள்ளியில் வீட்டு வாடகை கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார் என்பதும் அந்தச் சாட்சியத்தில் இடம்பெற வேண்டும்.

வாக்குறுதியை உரசிப் பார்த்தல்

பொன் வியாபாரி உரைகல்லை நம்புவான். பளபளப்பை நம்ப மாட்டான். வாக்குறுதியை உரசிப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். எந்தச் சட்டத்தால் செய்வீர்? எந்தத் தேதிக்குள் செய்வீர்? அது உம் கையில் இருக்கிறதா, வேறு யார் கையிலாவது இருக்கிறதா?

நம் சமுதாயத்துக்குத் தேர்தல்தோறும் காட்டப்படும் ஒரு பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இந்திய முஸ்லிம்களுக்குப் பூமிபுத்ரா அந்தஸ்து என்பதே அது. 2017-இல் அன்றைய பிரதம மந்திரி அதைப் பரிசீலிப்பதாகச் சொன்னார். மறு ஆண்டே ஆட்சி மாறியது. அந்த அந்தஸ்தைக் கேட்பது சரியா தவறா என்பதில் நமக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் உண்டு. அந்த விவாதம் வேறு. இங்கே உரைகல்லை மட்டும் எடுப்போம். அரசியல் சட்டத்தில் 'பூமிபுத்ரா' என்ற சொல்லே இல்லை. 153-ஆம் ஷரத்து மலாய்க்காரர், சபா சரவாக் பூர்வகுடிகள் ஆகியோரின் விசேஷ நிலையைப் பேசுகிறது. மலாய்க்காரர் யார் என்று 160-ஆம் ஷரத்து விளக்குகிறது. இஸ்லாத்தைப் பின்பற்றுவது, மலாய் மொழியை வழக்கமாகப் பேசுவது, மலாய் வழக்கத்தைக் கைக்கொள்வது, அதனோடு இந்நாட்டில் பூர்விகத் தொடர்பு என்று அது வகுத்திருக்கிறது. அப்படியானால் வாக்குறுதி தருபவர் எந்த ஷரத்தை, எத்தனை பேர் ஆதரவோடு மாற்றப்போகிறார்? அல்லது எந்த இலாகாவின் எந்த விதியை மாற்றப்போகிறார்? அதற்குப் பதில் இல்லையென்றால் அது வாக்குறுதி அல்ல. "பரிசீலிப்போம்" என்பது ஆர்டர் ஆகாது என்பதை, "அப்புறம் வந்து எடுத்துக்கிறேன்" என்று சொல்லிப்போன வாடிக்கைக்காரரை அறிந்த நமக்கு வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று ஆள் பற்றாக்குறை. முடிதிருத்தும் கடை, துணிக்கடை, பொற்கடை ஆகிய மூன்றுக்கும் புதிய வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பது 2009-இல் முடக்கப்பட்டது. மறுபடி அனுமதி என்ற அறிவிப்பு 2023-இல்தான் வந்தது. இடையே 2013, 2018, 2022 என்று மூன்று பொதுத் தேர்தல்கள் கடந்தன. ஆட்சிகள் பல மாறின. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது பொறுமையை மட்டுமல்ல, பதிவு செய்து வைப்பதையும்தான். எந்த அபேட்சகர் எந்த நாளில் என்ன சொன்னார் என்று குறித்து வைத்தவருக்குத்தான் மறு தேர்தலில் கேட்கும் தகுதி உண்டு.

ஆளா, கட்சியா, கூட்டணியா?

"கட்சி எதுவானாலும் ஆள் நல்லவர், அதனால் போட்டேன்" என்பார் ஒருவர். "ஆள் யாரானாலும் கட்சி நம்முடையது" என்பார் மற்றொருவர். இருவர் சொல்வதிலும் பாதி உண்மையே இருக்கிறது.

2018 மே மாதத் தேர்தலுக்கும் 2022 நவம்பர் தேர்தலுக்கும் இடையில் இந்நாடு மூன்று பிரதம மந்திரிகளைக் கண்டது. 2020 பிப்ரவரியில் அங்கத்தினர் சிலர் அணி மாறியதால், மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சி தேர்தல் இல்லாமலே கவிழ்ந்தது. வாங்கிய பெட்டியில் லேபிள் ஒன்றாகவும் உள்ளே சரக்கு வேறாகவும் இருந்த கதை அது. இதற்குப் பரிகாரமாகக் கட்சி தாவலைத் தடுக்கும் அரசியல் சட்டத் திருத்தம் 2022 அக்டோபர் 5-இல் அமலுக்கு வந்தது. கட்சியின் பெயரால் வென்றவர் அக்கட்சியை விட்டு விலகினால் ஸ்தானத்தை இழப்பார். ஆனால் கட்சியே அவரை வெளியேற்றினால் அவர் ஸ்தானம் போகாது. ஒரு கட்சி முழுவதுமாக வேறு கூட்டணிக்குப் போனாலும் அச்சட்டம் தடுப்பதில்லை.

அடுத்த மாதமே அதற்கு உதாரணமும் வந்தது. 2022 நவம்பர் 19 தேர்தலில் 222 ஸ்தானங்களில் ஆட்சி அமைக்க வேண்டிய 112 எந்தக் கூட்டணிக்கும் கிடைக்கவில்லை. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 24-இல், புதிய பிரதம மந்திரி பதவியேற்றார். மேடையில் எதிரெதிராக நின்ற கூட்டணிகள் ஒரே அரசாங்கத்தில் அமர்ந்தன. நாட்டுக்கு அமைதி வேண்டுமென்று செய்த சமாதானம் அது என்பார் சிலர். ஓட்டுப் போட்டவரைக் கேளாமல் செய்த கூட்டு என்பார் சிலர். எப்படியானாலும் அபேட்சகரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று கூடிவிட்டது: "உங்களுக்குப் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் யாரோடு சேருவீர்கள்? யாரோடு ஒருபோதும் சேர மாட்டீர்கள்?" பங்காளி யார் என்று தெரியாமல் கம்பெனியில் பணம் போடுபவர் நம்மில் இல்லை.

தராசைச் சாய்க்கும் கைகள்

எடை சரியாக இருந்தாலும் தட்டின் கீழே ஒரு விரல் இருந்தால் அளவு பொய்யாகிவிடும். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் அல்முதஃப்பிஃபீன் என்ற ஓர் அத்தியாயம் உண்டு. ஓட்டுத் தராசின் கீழ் வரும் விரல்கள் நான்கு.

முதலாவது, கொடை. தேர்தல் நேரத்தில் அரிசி மூட்டையும் உறையில் பணமும் விருந்தும் வரும். 1954-ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டப்படி ஓட்டுக்காகப் பணம் கொடுப்பதும் விருந்து வைப்பதும் குற்றம். கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளியே. கையூட்டு ஹராம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் நாம், அதை 'அன்பளிப்பு' என்ற பெயரில் வாங்கிக் கல்லாவில் போட முடியாது.

இரண்டாவது, மிரட்டல். நமக்குத் தெரிந்த ஒரு கடையில் முதலாளி தம் ஆட்களை வரிசையாக நிறுத்தி, "நான் சொல்ற சின்னத்துக்குத்தான் போடணும். இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம்" என்றாராம். அவர் கெட்ட மனிதர் அல்லர். ஐந்து வேளையும் தொழுபவர். தம் கடைக்கு நன்மை தேடுவதாகவே எண்ணினார். ஆனால் அவர் அன்று தம் ஓட்டோடு இன்னும் ஆறு பேருடைய அமானிதத்தையும் எடுத்துக்கொண்டார். அதே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வித நெருக்குதலைத் தடுக்கிறது. உலக நஷ்டத்தைக் காட்டி மிரட்டுவது மட்டுமல்ல, ஆன்மிகக் கேட்டைக் காட்டி மிரட்டுவதும் அதில் அடங்கும். "இந்தக் கட்சிக்குப் போட்டால் நரகம்" என்று சொல்பவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேலும் ஓட்டுப் போட ஆளுக்கு வேண்டிய நேரத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும். அதற்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக்கூடாது என்பதும் அச்சட்டத்தில் உண்டு.

மூன்றாவது, உறவு. கணவர் சொன்னதற்கு மனைவியும், தகப்பனார் சொன்னதற்கு மகனும் போட வேண்டும் என்று நம் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டில் பேசுங்கள், வாதாடுங்கள், பத்திரிகையைக் காட்டுங்கள். ஆனால் சாவடியின் மறைப்புக்குப் பின்னால் நிற்பவர் தனியாகவே நிற்கிறார். மறுமையிலும் அவர் தனியாகத்தான் பதில் சொல்லப்போகிறார்.

நான்காவது, பகைமை. இது எல்லாவற்றிலும் கொடியது. 1969 மே 10-இல் நடந்த தேர்தலுக்கு மூன்று நாள் கழித்துக் கோலாலம்பூரில் இரத்தம் சிந்தியது. பார்லிமெண்ட் 1971 பிப்ரவரி வரை கூடவில்லை. அந்நாட்களில் கதவடைத்த கடைகளின் கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாம் மார்க்கத்தால் மலாய்க்காரருக்குச் சகோதரர். மொழியால் இந்துத் தமிழருக்குச் சகோதரர். நம் கடை வாசலில் சீனரும் நின்று காசு கொடுக்கிறார். ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக்கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 8-ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஓர் அபேட்சகரின் பேச்சைக் கேட்டு வீடு திரும்பும்போது நம் அண்டை வீட்டாரின் மீது கோபம் கூடியிருந்தால், அவர் நமக்கு விற்றது என்ன சரக்கு என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும்.

சங்கம் ஏன் பெயர் சொல்லவில்லை?

இனி முதற் கேள்விக்கு வருவோம். நம் அங்கத்தினர் ஒரே கட்சியைச் சேர்ந்தவர் அல்லர். அம்னோவை ஆதரிப்பவர் இருக்கிறார்கள். மஇகா, கிம்மா, கெஅடிலான், பாஸ் ஆகியவற்றை ஆதரிப்பவரும் இருக்கிறார்கள். எதிலும் சேராதவர்களும் பலர். ஒரு பெயரைச் சொன்ன அன்றே சங்கம் இரண்டாகும். ஜனாஸாவுக்கும் நிக்காஹுக்கும் ஒன்றுகூடும் மண்டபத்தை ஒரு தேர்தலுக்காகப் பிளப்பது இலாபகரமான வியாபாரம் அல்ல.

மொத்தமாகக் கட்டிக் கொடுத்தால் மதிப்புக் கூடும் என்ற வாதத்தையும் எடைபோட்டுப் பார்ப்போம். நம்மவர் நாடெங்கும் பல தொகுதிகளில் சிதறி இருக்கிறார்கள். எங்கோ சில தொகுதிகளைத் தவிர, நாம் மட்டும் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதில்லை. கட்டாகக் கட்டி விற்கும்போது விலை கிடைப்பது பெரும்பாலும் நடுவில் நிற்கும் தரகருக்கே. ஓட்டுப் போட்டவருக்கு மேடையில் ஒரு நன்றியுரை கிடைக்கும். அதோடு, தோற்ற கட்சியின் கட்டு என்று பெயர் வாங்கிவிட்டால், வென்றவரிடம் நம் நியாயமான குறையைச் சொல்லப் போகும்போது தலை நிமிர்ந்து போக முடியாது.

சங்கம் செய்யக்கூடிய வேலை வேறு இருக்கிறது. தொகுதியின் எல்லா அபேட்சகர்களையும் ஒரே மண்டபத்துக்கு அழைக்கலாம். அனைவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கலாம். பதில்களைக் கூட்டாமல் குறைக்காமல் மடலில் அச்சிடலாம். அந்த மடலைப் பத்திரப்படுத்தி, அடுத்த தேர்தலில் எடுத்துப் படிக்கலாம். இதைச் செய்யும் சங்கத்துக்கு எந்தக் கட்சியும் மரியாதை கொடுக்கும். விலைக்கு வராதவரிடம்தானே எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள்!

பயிற்சி

ஓட்டு நாளுக்கு ஒரு வாரம் முன்பு, இஷாவுக்குப் பின் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டியிடும் ஒவ்வொரு கட்சிக்கும் வரவு, பற்று என்று இரண்டு பத்தி போடுங்கள். கீழ்க்கண்ட கேள்விகளுக்கு உங்கள் கையாலேயே பதில் எழுதுங்கள்.

1. இக்கட்சி ஆட்சியில் இருந்தபோது சொன்னதில் எதைச் செய்தது? எதைச் செய்யவில்லை?

2. நான் கேட்கும் காரியம் மத்திய அரசாங்கத்துடையதா, மாநிலத்துடையதா?

3. அதன் வாக்குறுதியில் சட்டம், தேதி, பணம் வரும் வழி ஆகிய மூன்றும் உண்டா?

4. அபேட்சகர் நாணயமானவரா? தேர்தல் இல்லாத நாளில் அவரைப் பார்க்க முடிந்ததா?

5. பெரும்பான்மை இல்லாவிட்டால் இவர்கள் யாரோடு சேருவார்கள்?

6. இவர்கள் வென்றால் என் கடைக்கு என்ன ஆகும்? என் கடையில் வேலை செய்பவருக்கு என்ன ஆகும்? என்னைப் போல் அல்லாத அண்டை வீட்டாருக்கு என்ன ஆகும்?

7. யாரும் எனக்கு எதுவும் தராமல், யாருக்கும் நான் அஞ்சாமல் இருந்தாலும் இதே முடிவுக்கு வருவேனா?

குற்றமே இல்லாத கட்சி கிடைக்காது. குணத்தையும் குற்றத்தையும் சேர்த்து நிறுத்து, கனமான பக்கம் எது என்று பார்ப்பதே வழி. ஏழாவது கேள்விக்கு "ஆம்" என்று எழுத முடிந்தால் உங்கள் முடிவு உங்களுடையதே. அது நம் முடிவுக்கு மாறாக இருந்தாலும் நாம் அதை மதிப்போம்.

இன்னும் ஒரு சொல். ஊர் மாறிக் கடை வைத்தவர்கள் அடையாளக் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் தங்கள் விலாசம் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்தல் அறிவித்த பின் ஓடுவதில் பயனில்லை. ஓட்டு நாளில் ஆட்களை முறைபோட்டு அனுப்புங்கள். முதியவர்களைக் காரில் அழைத்துச் செல்லுங்கள். எந்தச் சின்னம் என்று மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள்.

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கும் நல்லுள்ளத்தையும், வெறுப்பாலோ ஆசையாலோ நீதி தவறாத உறுதியையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நாம் வாழும் இந்நாட்டில் எல்லா இனத்தாரும் அமைதியாக வாழ அருள் புரிவானாக! ஆமீன்.